கூட வந்தவர்கள்

இந்த ஊரில் ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் தனியாகத்தான் வருகிறார்கள். கனடாவுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் எனக்கு இது பழகவில்லை. மனநல, மறுவாழ்வு ஆலோசகருக்கான முதுகலைப் படிப்பில் நான் பயிற்சி எடுக்கும் கிளினிக்கில், ஆளுக்கொரு மூலையில் போனைப் பார்த்தபடி காத்திருப்பார்கள்.

எங்கள் ஊர் கோச்சடையில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோ கொள்ளாது. பைக் விபத்துக்குப் பிறகு அண்ணன் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தான். கோரிப்பாளையத்தில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். அம்மா, அப்பா, சித்தப்பா, நான், போதாததற்கு எதிர்வீட்டு அக்கா. சித்தப்பா முன்னால் ஓடிப்போய் பெஞ்சில் துண்டை விரித்து, கேட்டவர்களிடமெல்லாம் "ஆள் வருது" என்று இடம் பிடித்தார். உள்ளே போனதும் டாக்டர் மலைத்துப்போய், "இம்புட்டுப் பேரு வந்திருக்கீங்க, யாருக்குப்பா முடியல?" என்றார்.

"எல்லாருக்குந்தான் சார். டோக்கன் மட்டும் இவன் பேர்ல போட்டிருக்கு" என்றார் சித்தப்பா. அண்ணன் சிரித்துவிட்டான். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அதனால்தான்.

அந்த நினைப்பில்தான் மார்க்கிடம் வாயைக் கொடுத்தேன். லாரி ஓட்டுநர், விபத்தில் ஒரு கால் போய், செயற்கைக்கால் பழகிக்கொண்டிருந்தார். என்னை நம்பி ஒப்படைத்த முதல் ஆள். உட்கார்ந்ததும், "உங்களோடு யார் வந்திருக்கிறார்கள்?" என்று கரிசனமாகத்தான் கேட்டேன். அவர் முகம் இறுகிவிட்டது. "ஏன், என்னால் தனியாக வர முடியாதா?" விபத்துக்குப் பிறகு அன்றுதான் முதன்முதலாகத் தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறார். பாதியிலேயே எழுந்து போய்விட்டார். பயிற்சிக்காக எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்த என் மேற்பார்வையாளர் லிண்டா, அவர் விரும்பினால் வேறு ஆளிடம் மாற்றிவிடலாம் என்று நிதானமாகச் சொன்னார். எனக்குத்தான் ஆறவில்லை. அந்த மனுஷன் ஜெயித்துவிட்டு வந்த நாளை இப்படிக் கெடுத்துவிட்டேனே.

அடுத்த வாரம் மார்க் வந்தார். "தனியாகத்தான் வந்தேன்" என்றார் விறைப்பாக. "பஸ் பயணம் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நேரம் முடியும்வரை பேசினார். கிளம்பும்போது வாசல்வரை கூடப்போக எழுந்தவள், அப்படியே நின்றுகொண்டேன்.

படிக்கிற நாங்களும் ஓர் ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்பது இங்கே விதி. என் முறைக்காகத் தனியாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் என் பை இருந்தது. ஒரு பெண் வந்து, அங்கே உட்காரலாமா என்று கேட்டாள்.

"ஆள் வருது" என்றேன், தமிழிலேயே.

என்ன புரிந்துகொண்டாளோ, தலையசைத்துவிட்டு வேறு பக்கம் போனாள். என் பெயரைக் கூப்பிடும்வரை நான் அந்தப் பையை எடுக்கவில்லை.