பொடி எழுத்தில் கேட்டது

தில்லை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆன்லைனில் விண்ணப்பம் போட வருகிறவர்களின் வேர்ட் ஃபைல்களைப் படமாக மாற்றி, ஐம்பது கேபிக்குள் சுருக்கிக் கொடுப்பது என் வேலை. எதையும் படிக்க மாட்டேன். ஓரம் வெட்டுப்படவில்லையா, அளவு ஐம்பதுக்குள் வந்ததா, அவ்வளவுதான். கடையைப் பூட்டுவதற்கு முன் எல்லா ஃபைல்களையும் அழித்துவிட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. ஒரு நாளும் நான் மறந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போன பிறகு, ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில்தான் என் கணவர் பேசினார். கல்லூரியில் பாடம் நடத்தியவர். துண்டுச்சீட்டில் எழுதி நீட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. வேர்டில் தட்டுவார், நான் பின்னால் நின்று படிப்பேன். கோபம் வந்தால் எழுத்தைப் பெரிதாக்குவார். காபியில் சர்க்கரை இல்லை என்பது திரையை அடைத்துக்கொண்டு நிற்கும்.

"இதுக்குப் போய் இப்படிக் கத்தணுமாங்க?" என்பேன்.

மெதுவாகச் சொல்ல வேண்டியதைப் பொடி எழுத்தில் தட்டுவார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அவர் தோளோடு தோளாகக் குனிந்தால்தான் படிக்க முடியும். அப்படிக் குனிய வைப்பதற்காகவே பொடியாகத் தட்டியிருக்கிறார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. இடுப்பு வலிக்கிறது என்று சலித்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது, விடியற்காலையில் அவர் தட்டிய பக்கம் திரையில் அப்படியே இருந்தது. இருந்த அவசரத்தில் கண்ணாடியைத் தேடிப் படிக்க நிற்கவில்லை. பெங்களூரிலிருக்கும் மகள் அப்பா எழுதியதையெல்லாம் அனுப்பச் சொல்லியிருந்தாள். அவர் தட்டியது பழைய தமிழ் எழுத்துரு. செல்போனில் திறந்தால் கிறுக்கலாகத்தான் தெரியும். படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் இடம் இல்லாததால், ஃபைலைக் காப்பி செய்யாமல் கட் செய்து பென் டிரைவில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் கடைக்குப் போய் எல்லாப் பக்கங்களையும் மாற்றினேன். கைப்பழக்கம், ஒவ்வொன்றையும் ஐம்பது கேபிக்குள் சுருக்கினேன். வாட்ஸ்அப்பில் அனுப்ப அதற்கு எந்த அவசியமும் இல்லை. கடைசிப் பக்கத்தையும் படிக்காமலே மாற்றினேன். மகளுக்கு அனுப்பினேன். கிளம்பும்போது வழக்கம்போலக் கம்ப்யூட்டரிலும் பென் டிரைவிலும் இருந்த ஃபைல்களையெல்லாம் அழித்துவிட்டேன்.

ராத்திரி மகள் போன் செய்தாள்.

"பெரிய எழுத்து மட்டும்தாம்மா தெரியுது. சின்னதெல்லாம் ஒரே புகையா இருக்கு."

"பெருசைப் படி, போதும். சின்னதெல்லாம் முக்கியமில்லடி" என்றேன்.

இந்த வாயால்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் அவர் இருந்தது அதன் பிறகு இரண்டு நாள். இரண்டு கையிலும் ஊசி. பேனா பிடிக்க முடியவில்லை. புருவத்தை உயர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வேண்டுமா என்றேன். வலிக்கிறதா என்றேன். ஃபேனைக் குறைக்கட்டுமா என்றேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையை அசைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். வலியில் அப்படிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அந்தக் கடைசிப் பக்கத்தைச் செல்போனில் திறந்தேன். மேலே பெரிய எழுத்தில், 'மழை வரும் போலிருக்கிறது, குடையை எடுத்துக்கொண்டு போ' என்று இருக்கிறது. அதன் கீழே பொடியாக மூன்று வரி. விரலால் பெரிதாக்கினால் சாம்பல் நிறக் கட்டங்கள்தான் வருகின்றன. அழித்த ஃபைலை மீட்க முடியுமா என்று தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன். அதன் மேல் வேறு ஃபைல்கள் ஏறிவிட்டதால் முடியாதாம்.

மூன்றாவது வரியின் முடிவில் தனியாகத் தள்ளி நிற்பதால் ஒரு கேள்விக்குறி மட்டும் அடையாளம் தெரிகிறது. அவர் என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் வரும் என்று இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.