ஊமைக் கடலுக்கு ஒலி சேர்த்தபோது

பழைய பேசும்படங்களில் அழிந்துபோன ஒலியைத் திரும்பச் சேர்ப்பது என் பிழைப்பு. செத்தவர்களுக்குப் பின்னணி பேசும் சக தொழில்காரர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

வாய் மட்டும்

பேசும்படம் புதிதாக வந்த காலத்துக் கடல் கதை அது. கப்பல் தலைவன் மகள் ஒரு மாலுமியைக் காதலிக்கிறாள். கள்ளக்கடத்தல்காரன் அவனைக் கடலில் தள்ளிவிடுகிறான். அவள் கரையில் நின்று கூவுகிறாள். அந்த இடத்தில் ஒலி அறவே இல்லை. படத்துக்குச் சொந்தக்காரர் போட்டுக் காட்டிவிட்டு விளக்கைப் போட்டார்.

“வாய் மட்டும் ஆடுது சார், பேய் மாதிரி. எதையாவது போட்டு மூடுங்க.”

உப்பின் மேல் நடை

அந்தக் கடத்தல்காரன் கரையில் நடக்கும் ஓசைக்காக மரக்காணம் உப்பளத்துக்குப் போனோம். உச்சி வெயில். காய்ந்த பாத்தியில் நொறுநொறுவென நடந்து, வரப்பில் நின்றேன். மிதிபட்ட உப்பு சற்றுப் பொறுத்து வெடிக்கும் என்று, அடுத்து நடந்ததற்குப் பிற்பாடு ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். அப்போது, காதில் ஹெட்போனோடு இருந்த உதவியாளர் ஸ்டெல்லா கையை உயர்த்தினாள்.

“சார், நீங்க நின்னுட்டீங்க. நடை இன்னும் வருது.”

கூப்பிட மறுத்தவள்

நாயகியின் குரலுக்கு உப்பளத்தில் வேலை செய்யும் அஞ்சலையைக் கேட்டோம். “பிராணநாதா, எங்கு சென்றீர்!” என்ற வசனத்தைப் படித்துக் காட்டினேன். “புருசன கூப்புடறாளா, பூசை பண்றாளா?” என்று சிரித்தாள். ஆனால் அவள் வீட்டுக்காரர் அன்றுதான் கடலுக்குப் போயிருந்தார். படகு போன திசையில் கூப்பிடக் கூடாதாம். மறுத்துவிட்டாள்.

மறுநாள் காலை திரும்ப வேண்டிய படகு மதியம் தாண்டியும் வரவில்லை. அவர் போனும் எடுக்கவில்லை. அலையோசைக்காகக் கடற்கரையில் வைத்திருந்த எங்கள் மைக் முன்னால் அஞ்சலை தானாகவே வந்து நின்றாள். இப்போது கூப்பிடலாமா என்று தயங்கிக் கேட்டேன்.

“போறவனத்தான் கூப்புடக் கூடாது. வராதவனக் கூப்புடலாம். பொட்டியப் போடு.”

பதில்

நாதனாவது, பிராணனாவது. “யோவ்! வந்துருய்யா!” என்று கத்தினாள். அலையைத் தவிர எதுவும் கேட்கவில்லை. பதிவை மறுபடி போட்டுக் கேட்டபோது, அவள் குரல் ஓய்ந்த இடத்தில், தூரத்தில் ஓர் ஆண்குரல்: “வர்றேன்.” அஞ்சலை மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில், எஞ்சின் கெட்டுப்போன அவள் வீட்டுக்காரர் படகை இன்னொரு படகு இழுத்து வந்தது. அவர் மேல் விழுந்து திட்டித் தீர்த்தாள், அழுதாள். அவருக்கும் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினோம். ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கடலைத் திரும்பிப் பார்த்தார்.

“இது என் கொரல் இல்லீங்க. வர்றேன்னு சொன்ன ஆளு இன்னும் வரலியே?”

படத்து நாயகன் கடைசிவரை கரை சேராததால் அந்த ஒரு சொல்லுக்குப் படத்தில் இடமில்லை. அழிக்கவும் துணிவில்லாமல், என் கணினியிலேயே தங்கவைத்திருக்கிறேன்.