சொன்னால்தான் மூச்சு

ஆபரேஷன் முடிந்து அமைதியாகக் கிடக்கும் பேஷண்டைக் கண்டால் நான் இன்றும் பக்கத்தை விட்டு நகரமாட்டேன். தியேட்டர் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக அதன் காரணத்தை எழுதுகிறேன். நான் பாதியில் படிப்பை விட்டுத் தியேட்டரில் எடுபிடியாகச் சேர்ந்தவன். மயக்க மருந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டதுதான்.

முனுசாமி சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் டிரில் ஓட்டியவர். பாறை விழுந்து கால் முறிந்து வந்தார். சுரங்கத் தூசி ஏறிய நெஞ்சு. ஈதர் மயக்க மருந்து ஆகாது, இருமித் தள்ளிவிடுவார். அதனால் மைசூரிலிருந்து வந்திருந்த மயக்க டாக்டரம்மா வலிக்குப் பெத்தடினை டிரிப்பில் ஓட்டினார்; தூக்கத்துக்கு ஹாலோதேன் கேஸைக் கொஞ்சமாக வைத்தார். இரண்டும் சேர்ந்தால் இரண்டுமே குறைவாகப் போதும் என்றார். முனுசாமி ஒரு இருமல்கூட இருமவில்லை. எனக்கு அதுவே கவலையாக இருந்தது.

கட்டுப் போட்டதும் டிரிப்பையும் கேஸையும் மூடினார்கள். முனுசாமி கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூச்சு மட்டும் விடவில்லை. நகம் நீலம் பாரித்தது.

டாக்டரம்மா மாஸ்க்கை வைத்துப் பேக்கை அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளினார். "கேஸ் போயாச்சு, பெத்தடின் இன்னும் போகல. அத முறிக்கிற மாத்து ஊசி ஸ்டாக் இல்ல. மூச்சு விடறது அவருக்கு மறந்துபோகும், நாமதான் சொல்லணும்" என்றார். நகம் கொஞ்சம் சிவந்ததும் காதருகே குனிந்து, தமக்குத் தெரிந்த தமிழில், "உசிரு விடப்பா, உசிரு விடு" என்றார்.

கதவோரம் நின்ற முனுசாமியின் மனைவி ஆற்காட்டுப் பக்கமிருந்து புதிதாக வந்தவர். "காலு ஒட்ஞ்ச மனுஷன உசிர வுடச் சொல்றாங்களே, இன்னா ஆஸ்பத்திரி இது?" என்று அழ ஆரம்பித்தார்.

"கன்னடத்துல உசிருன்னா மூச்சு, அக்கா. நீங்க பயப்படாதீங்க" என்றேன். என்னைவிடப் பயந்தவர் அங்கே யாரும் இல்லை.

அதன்பின் சொல்லும் வேலை எனக்கு வந்தது. "மூச்ச இஸ்து வுடுண்ணா" என்றேன். இழுத்து விட்டார். நான் நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார். பிறகு எச்சில் விழுங்கக்கூட நான் துணியவில்லை. தொண்டை கட்டிப்போகும் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் முனுசாமி நாக்குக் குழற, "யோவ், இன்னாய்யா காதுல நொய்நொய்னு? உன் பொண்டாட்டி எப்டிதான் உங்கூட குடித்தனம் பண்றா?" என்றார்.

"திட்டறதுக்குக் காத்து வேணும். அத சொல்லாமலே எடுத்துட்டார். நீ வாயை மூடு" என்றார் டாக்டரம்மா. நான் இன்னும் இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் மூடினேன்.

பெத்தடின் ஓடிய ஆள் சமத்தாகப் படுத்திருக்கிறார் என்று வார்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒரு வசவாவது வாங்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.