மைசூரில் ஒரு நூலகப் போன், மார்டள்ளியில் இரண்டு மாடுகள்

நான் ஈரோட்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவள். நூலகர் என்றாலே சத்தம் போடாத, எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள் என்று பலர் நினைக்கிறார்கள். 1998 டிசம்பரில், செமஸ்டர் விடுமுறை விட்ட மறுநாள், மைசூர் பஸ்ஸில் நான் இருப்புக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருந்தால் அந்த நினைப்பை மாற்றிக்கொண்டிருப்பார்கள். மைசூரில் ஒரு நூலகம் செல்போனில் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது என்று ஒரு கருத்தரங்கில் காதில் விழுந்திருந்தது. யார் வேண்டுமானாலும் போன் செய்து சந்தேகம் கேட்கலாம். அங்கே இருப்பவர் புத்தகத்தைப் புரட்டி, படித்தே சொல்வார். எங்கள் தொழிலில் இதற்கு ரெஃபரன்ஸ் சேவை என்று பெயர். அதை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் செய்ய முடியும் என்று நம்பியே நான் காலத்தை ஓட்டியிருந்தேன். செல்போனை அதுவரை கையால் தொட்டதுகூட இல்லை.

ஈரோட்டிலிருந்து சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜநகர் வழியாக மைசூர் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். காலை ஆறரை மணி பஸ். டிக்கெட் ஐம்பது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பண்ணாரி தாண்டியதும் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். வலது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், கிடைக்காவிட்டால் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டதால் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். "எப்பப் போயிச் சேருமுங்க?" என்று கண்டக்டரைக் கேட்டேன். "அது லாரியத்தான் கேக்கோணும்" என்றார். மைசூரில் இறங்கும்போது மதியம் ஒன்றரை.

பஸ் நிலையத்துக்கு வெளியே ஆட்டோ பிடித்தேன். சரஸ்வதிபுரத்தில் இன்ன நூலகம் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொல்ல, டிரைவர் சிரித்துவிட்டார். "தமிழே பேசுங்க மேடம், நானும் தமிழ்தான். மனைல மட்டும் பேசறது, ஸ்வல்ப தப்பு வரும்" என்றார். மனை என்றால் கன்னடத்தில் வீடு. முப்பது வயது இருக்கும், பெயர் அந்தோணி. நூலகத்தின் பெயரைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"அந்த மொபைல் லைப்ரரியா? சும்மா மேடம் அது. ரெஃபரன்ஸ் கொடுக்கறோம்னு போர்டு போட்டிருக்காங்க. ஃபேக்டரி வேலைக்கு ஒரு ரெஃபரன்ஸ் வேணும்னு போன் மாடினேன். அந்த அம்மா எந்த புக்கு, எந்த சப்ஜெக்ட்டுன்னு கேக்குது. எனக்கு என்னத்துக்கு புக்கு? பெரிய மனுஷர் ஒருத்தர் சொல்லிவிட்டா போதும் அல்வா?"

போன் மாடினேன் என்றால் போன் செய்தேன், அல்வா என்றால் கன்னடத்தில் 'இல்லையா'. சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன். மைசூரில் ரெஃபரன்ஸ் என்றால் சிபாரிசு என்பதை எந்தக் கருத்தரங்கிலும் யாரும் சொல்லவில்லை.

நூலகம் ஓர் அறக்கட்டளையுடையது, பெயர் வேண்டாம். ஓட்டுக் கூரை போட்ட பழைய மாடி வீடு. கீழே பத்திரிகைகளும் அகராதிகளும், மாடியில் மற்ற எல்லாம். போனுக்குப் பொறுப்பானவர் நளினி, மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கழுத்தில் துணிப்பை, அதில் சின்னக் குச்சி ஏரியல் நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்புப் போன். தாலிக்கொடியைவிடப் பத்திரமாக அதை வைத்திருந்தார். ஆட்டோக்காரர் கதையைச் சொன்னேன். "வாரத்துக்கு நாலு பேர் அப்படித்தான் மேடம் கேக்கறாங்க. போர்டை மாத்தணும்னு சொல்லிட்டே இருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு செய்து காட்டினார். தரைவழிப் போன் வாசல் மேஜையோடு கட்டிப்போட்டது. கேள்வி வந்தால் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு மாடிக்கு ஓட வேண்டும்; திரும்புவதற்குள் பாதிப் பேர் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். செல்போன் இருந்தால் பேசிக்கொண்டே அலமாரிக்குப் போய், புத்தகத்தைத் திறந்து, கேட்டவர் காதிலேயே படிக்கலாம். கேட்பவர் இடையில் மறித்து இன்னொன்று கேட்கலாம். வருகிற அழைப்புக்கும் காசு என்பதால் சுருக்கமாகப் பேச வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் புல்லரித்தது. மேஜை என்ற ஒன்று இல்லாமலேயே நூலகர் இருக்கலாம்! எங்கள் முதல்வரிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று அப்போதே மனசுக்குள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

மாலை நான்கு மணி சுமாருக்குப் போன் அடித்தது. மார்டள்ளியிலிருந்து பிலோமினா என்ற பெண். கர்நாடகத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய தமிழ் பேசும் ஊர் மார்டள்ளி. அங்கே எஸ்.டி.டி. பூத்தில் இந்த நம்பரை ஒட்டிவைத்திருந்தார்களாம். அவருடைய இரண்டு கறவை மாடுகளும் ஜோளம் தின்றுவிட்டு நடுங்குகின்றன, ஒன்று விழுந்துவிட்டது. மாட்டு டாக்டர் அன்று கொள்ளேகாலத்தில் இருக்கிறார். புருஷன் மைசூரில் கட்டட வேலையில். பால் ஊற்றித்தான் வீடு நடக்கிறது. என்ன செய்வது என்று புத்தகத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நளினி பதறவில்லை. பேசிக்கொண்டே மாடி ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன். கால்நடைப் புத்தகங்கள் இருந்த கடைசி அலமாரியில் சிக்னல் அறுந்துபோனது. சாலையோர ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினால்தான் குரல் வருகிறது. ஆகவே நளினி ஜன்னலில், நான் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் இடையே ஓட்டம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். மக்காச்சோளம் அதிகமாகத் தின்ற மாட்டுக்கு வயிறு உப்பும், எண்ணெய் புகட்டுங்கள் என்று ஒரு பக்கம் இருந்தது. நளினி அதைப் படித்தார். பதிலைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வயிறு உப்பலைன்னு சொல்றாங்க. மேடம், இவங்க பேச்சு உங்க ஊர் மாதிரியே இருக்கு. நீங்க கேளுங்க" என்று போனை என் கையில் திணித்தார். நான் முதன்முதலில் செல்போனைப் பிடித்தது அப்படித்தான்.

"ஏனுங்க, தின்னது சோளமா, மக்காச்சோளமா?"

"சோளந்தானுங்க. மைசூர்க்காரங்களுக்குப் புரியோணுமேன்னு ஜோளம்னு சொன்னனுங்க. அறுத்த கட்டையில புதுசாத் துளுத்திருந்துச்சு. கவுத்த அறுத்துக்கிட்டுப் போயி ரெண்டும் மேஞ்சுபோட்டுதுங்க. வாயில நொர தள்ளுதுங்க, அம்மிணி."

மைசூர் நகரத்துப் பெண்ணுக்கு ஜோளம் என்றால் தெருவோரம் சுட்டு விற்கும் மக்காச்சோளக் கதிர். பிலோமினாவோ நளினியின் வசதிக்காகத் தன் சொல்லைக் கன்னடமாக மாற்றிச் சொல்லியிருக்கிறார். அவருடைய மரியாதையும் நளினியின் நகரத்துப் பொருளும் சேர்ந்து எங்களைத் தவறான பக்கத்தில் கொண்டுபோய் விட்டிருந்தது. சோளம் அறுத்த கட்டையில் வரும் இளந்துளிர் மாட்டுக்கு நஞ்சு என்று எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மருந்து எது என்று தெரியாது. போனை நளினியிடம் கொடுத்துவிட்டு மறுபடி ஓடினேன். இந்த முறை சரியான பக்கம். டாக்டர் போட வேண்டிய ஊசிகள், கூடவே தண்ணீரில் கரைத்துப் புகட்ட சோடியம் தயோசல்ஃபேட்.

"அதுக்கு மார்டள்ளில எங்க போவாங்க?" என்றார் நளினி. அவர் வேதியியல் அகராதி என்றதும் நான் கீழே பாய்ந்து தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரே ஒரு வரி. புகைப்படம் கழுவப் பயன்படும் உப்பு, வழக்கில் ஹைப்போ.

நளினி ஜன்னலுக்கு வெளியே கத்தினார். "அம்மா, உங்க ஊர்ல போட்டோ ஸ்டுடியோ இருக்கா?"

"பூத்துக்கு மூணு கடை தள்ளி இருக்குதுங்க. ஏனுங்க, மாட்டுக்குப் போட்டோவா?"

பூத் வைத்திருந்த ஸ்டீபன் அங்கே ஓடினார். இங்கே நளினி போனோடு வாசல் மேஜைக்கு இறங்கி வந்து, டைரக்டரியைப் புரட்டி, தரைவழிப் போனில் கொள்ளேகாலம் கால்நடை மருத்துவமனையைப் பிடித்தார். டாக்டர் கிடைத்தார். அடுத்து அவர் செய்ததை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் பார்த்ததில்லை. ரிசீவரையும் செல்போனையும் தலைகீழாகச் சேர்த்து, இதன் வாய் அதன் காதில் படும்படி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். கொள்ளேகாலத்து டாக்டரும் மார்டள்ளி பிலோமினாவும் மைசூர் நூலகத்து மேஜை மேல் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: கலந்து வைத்த கரைசல் வேண்டாம், வெறும் ஹைப்போ கட்டி மட்டும், இன்ன அளவு, படுத்துக் கிடப்பதற்கு வாயில் ஊற்றாதே, நிற்பதற்கு மட்டும், ஊசியோடு நான் வருகிறேன். அதைக் கேட்டு முடிப்பதற்குள் செல்போனில் சார்ஜ் தீர்ந்து உயிர் போனது.

அதற்குப் பிறகு தகவல் இல்லை. நாங்கள் பூத்துக்குத் திரும்பத் திரும்ப முயன்றோம்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நளினி பூட்டுப் போடும்போது, "முதல்ல தப்பாப் படிச்சேனே மேடம்" என்றார். "தப்பா இல்லை, தப்பான பயிரை" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நான் மறுநாள் திம்பம் வழியாகத் திரும்புவதாக இருந்தேன். மனசு கேட்கவில்லை. காலை ஏழு மணிக்குக் கொள்ளேகாலம் பஸ் ஏறினேன். இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஹனூர் வழியாகக் கௌதள்ளி, மறுபடி பஸ் மாறி மார்டள்ளி. கௌதள்ளியில் கிடைத்த இட்லி கல் மாதிரி, டீ அமிர்தம். காட்டுச் சோதனைச் சாவடியில் என் பையைத் துழாவிய காவலர் எங்கே போகிறேன் என்று கேட்டார். ஒரு மாட்டைப் பார்க்க என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மார்டள்ளியில் வீடுதோறும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியது. பிலோமினா வீட்டை ஸ்டீபன் காட்டினார். நாற்பது வயதுப் பெண், கையில் சாணிக்கூடை. அவருக்குப் பின்னால் முளைக்குச்சி இரண்டு. ஒன்றில் வெறும் கயிறு. இன்னொன்றில் ஒரு சிவப்புப் பசு நின்று, என்னைச் சட்டை செய்யாமல் வைக்கோல் தின்றுகொண்டிருந்தது.

"கறுப்பி டாக்டர் வாரதுக்குள்ள போயிருச்சுங்க. இது நின்னுக்கிச்சு" என்றார். எனக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது. பசுவைத் தொட்டுப் பார்த்தேன், கதகதவென்று இருந்தது. ஒரு சொல்லைச் சரியாகக் கேட்டிருந்தால் கறுப்பிக்கும் நேரம் கிடைத்திருக்குமோ என்று உடனே தோன்றியது. டாக்டரிடம் கேட்டதாகவும், அது தின்ற அளவுக்கு எந்த மருந்தும் காப்பாற்றியிருக்காது என்று அவர் சொன்னதாகவும் பிலோமினாவே சொன்னார். நான் கேட்காமலேயே சொன்னார்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அன்றைய நேரமும் கட்டணமும் இன்று செல்லாது. ஆனால் காட்டுப் பாதைகளைப் பகலிலேயே கடப்பது நல்லது. மார்டள்ளியிலிருந்து மைசூருக்கே திரும்ப வேண்டியதில்லை, பாலாறு வழியாக மேட்டூர் வந்துவிடலாம். நூலக வேலையில் இருப்பவர்கள் இப்படி ஒரு சேவை தொடங்கினால், கேட்பவர் எந்த ஊர், அந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை முதலில் கேளுங்கள். நான் ஈரோட்டில் போன் வாங்க முதல்வரைச் சம்மதிக்க வைத்தது தனிக்கதை. அலமாரிக்குப் பக்கத்தில் சிக்னல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

மேட்டூர் பஸ் வருமுன், நளினிக்குத் தகவல் சொல்ல பூத்துக்குப் போனேன். பிலோமினாவும் சாணிக்கையைக் கழுவிவிட்டுக் கூடவே வந்தார். நளினி எடுத்ததும், "பொழச்சுக்கிச்சு, ஒண்ணு" என்றேன். அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து ரிசீவரைப் பிலோமினாவிடம் கொடுத்தேன்.

அவர் நன்றி சொல்லவில்லை, சௌக்கியமும் விசாரிக்கவில்லை.

"ஏனம்மிணி, மிச்சம் நிக்கற சோளத்த எப்ப அறுத்துப் போட்டா மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது? அதப் பாத்துச் சொல்லு" என்றார்.

"லைன்ல இருங்க, எடுத்துட்டு வரேன்" என்று நளினியின் குரல் எனக்கே கேட்டது. அதைத் தொடர்ந்து மாடிப்படியில் ஓடும் செருப்புச் சத்தம். பிலோமினா ரிசீவரைக் காதோடு வைத்தபடி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.