வெற்றுக் குமிழ்

சிதம்பரத்தில் என் பெயர்த்தி வாங்கி வந்த படக்கதை நூலொன்றை நேற்றுப் புரட்டினேன். மகிழ்ச்சியைத் தேடி ஊர் ஊராக அலையும் தனியன் ஒருவனின் கதை அது. இறுதிப் படத்தில் அவன் வாய் திறந்திருக்கிறது. பேச்சுக் குமிழுக்குள் ஓர் எழுத்தும் இல்லை.

"அச்சுப் பிழையோ?" என்றேன்.

"இல்ல தாத்தா, வேணும்னேதான் அப்படி விட்டிருக்காங்க."

என் சிறுவயதில், கடலூர் முதுநகர் வீட்டில், மெய்யாகவே அச்சுப் பிழையால் வெறுமையான குமிழொன்றைக் கண்டிருக்கிறேன். வார இதழில் தொடராக வந்த, கப்பலோட்டி ஒருவனின் படக்கதையைக் கிழித்தெடுத்துக் கோணியூசியால் தைத்து வைப்பது அத்தையின் வழக்கம். மலேயாவுக்குப் பிழைக்கச் சென்ற மாமாவிடமிருந்து செய்தி வருவது நின்று நெடுநாளாகியிருந்தது. கடைசி வாரம் கப்பலோட்டி தன் வீட்டு வாயிலில் வந்து நின்றான். குமிழில் சொல் இல்லை.

"இவன் இன்னாடா சொல்றான்?" என்று அத்தை தவித்தார்.

"பொம்ம பேசலன்னு கவலப்படறியேக்கா!" என்று அப்பா சிரித்தார்.

அத்தை எழுதுகோலை என்னிடம் நீட்டினார். "நீ எழுதுடா கண்ணு."

எனக்கு அப்போது பசி. 'பசிக்கிறது' என்று எழுதினேன்.

"வந்ததும் சோறுதான் கேக்குறாரா? கேக்கட்டும், கேக்கட்டும்" என்று அத்தை சிரித்துக்கொண்டே எழுந்துபோய், உலையில் ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாக இட்டார். அவர் மறையும்வரை அந்தக் கைப்பிடி குறையவில்லை. மாமா வரவேயில்லை.

"நீங்க தமிழ் வாத்தியாராச்சே, இதுல ஏதாவது எழுதுங்க தாத்தா" என்றாள் பெயர்த்தி.

வாழ்நாளெல்லாம் சொற்களோடு கழித்தவனுக்கு, அந்த ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.