அனுசுயாவின் முழங்கால்

பந்தைத் துரத்தும்போது அனுசுயாவுக்கு அடிபடவில்லை. பந்து எங்கோ இருந்தது. அவள் சட்டென்று திரும்பினாள். உடம்பு திரும்பியது, ஊன்றியிருந்த வலது கால் திரும்பவில்லை. முழங்காலுக்குள் ஏதோ விட்டுப்போன சத்தம் அவளுக்கே கேட்டது.

ஆண்டிபட்டியிலிருந்து அம்மா ராக்கம்மாளோடு திருப்பூருக்குப் பிழைக்க வந்தவள். அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். பள்ளிக்கூடத்தில் மாவட்டக் கால்பந்து அணிக்கு ஆடியவள் என்று தெரிந்ததும் சூப்பர்வைசர் தங்கராஜ் அவளைக் கம்பெனிப் பெண்கள் அணியில் சேர்த்திருந்தார்.

சுளுக்கு என்று நினைத்து ராக்கம்மாள் எண்ணெய் போட்டு நீவிவிட்டாள். வீக்கம் வடிந்தது, வலியும் போனது. அனுசுயா மறுபடி ஆடப் போனாள். இந்த முறை விழுந்தவளைத் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது. ஜவ்வு முழுதாக அறுந்து, குருத்தெலும்பும் நைந்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது.

"மொதல்லயே வந்திருந்தா குருத்தெலும்பாவது தப்பிச்சிருக்கும்மா" என்றார் டாக்டர்.

ஆபரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது தையல் மிஷின் பெடலை மிதிக்க முடியவில்லை. தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். பிசியோதெரபிஸ்ட் தேஜஸ்ரீ சொல்லிக்கொடுத்தபடி தினமும் பயிற்சி செய்தாள். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது என்பதையே புதிதாகப் பழக வேண்டியிருந்தது. அதே பயிற்சியை ஆட்டத்துக்கு முன்னால் அணியையும் செய்ய வைத்தாள். பாதிப்பேர் முனகிக்கொண்டே செய்தார்கள்.

கம்பெனிகளுக்கிடையிலான இறுதி ஆட்டத்தை அவள் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தாள். முன்வரிசையில் ஆடிய அபிராமி எதிரணிப் பெண்ணோடு தலை மோதி விழுந்தாள். எழுந்து நின்று, "நாம எந்தப் பக்கம்க்கா அடிக்கணும்?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அனுசுயா உள்ளே போய் அவள் கையைப் பிடித்தாள்.

"மாத்தி எறக்க ஆளில்ல கண்ணு. கொஞ்ச நேரந்தானே, ஆடீரட்டும்" என்றார் தங்கராஜ்.

"வேணாம் சார். வலிக்கலன்னுதான் அன்னைக்கு நானும் எறங்குனேன்."

"விடுக்கா, எனக்கு ஒண்ணுமில்ல" என்று திமிறினாள் அபிராமி. அனுசுயா விடவில்லை. ஒரு ஆள் குறைவாக ஆடிய அணி கடைசியில் ஒரு கோல் வாங்கித் தோற்றது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அபிராமி ஆட்டோவிலேயே வாந்தியெடுத்தாள். மூளை அதிர்ந்திருக்கிறது, இன்னொரு அடி பட்டிருந்தால் விபரீதமாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்ட தங்கராஜ் அடுத்த போட்டிக்கு மாற்று ஆட்களையும் சேர்த்தார். அபிராமி மட்டும் வெகுநாள் அனுசுயாவோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. கோப்பை போன வருத்தம் அவளுக்கு.

இந்த வருஷம் டாக்டர் அனுமதித்த பிறகு அனுசுயா தடுப்பாட்டத்துக்கு இறங்கினாள். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் உள்ளே ஒரு பயம் இருந்தது. பாதி ஆட்டம் போன பிறகுதான் காலை மறந்து பந்தைப் பார்த்தாள்.