கால் வேண்டுமென்றால் சம்பளச் சீட்டு

ஜெயலெட்சுமிக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போனபோது வயது ஐம்பத்து மூன்று. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்றபடியே வேலை பார்த்தவள். ஆட்குறைப்பில் அவளை அனுப்பிய மறு வருடம், இனிப்புநீர் நோயால் பாதத்தில் வந்த புண் ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள்.

செயற்கைக் காலுக்கு ஒன்பதாயிரம் வெள்ளி ஆகும் என்றார்கள். மகள் தனுஜாவின் நான்கு மாதச் சம்பளம் அது. அந்தச் சம்பளத்தில்தான் வாடகை, மருந்து, சாப்பாடு எல்லாம். ஒரு நல உதவிச் சங்கத்துக்கு விண்ணப்பம் போட்டார்கள். இரண்டு மாதம் கழித்தும் கால் வரவில்லை. சக்கர நாற்காலி வந்தது. ஜெலுத்தோங்கில் அவர்கள் இருந்தது லிப்ட் இல்லாத பழைய அடுக்குமாடியின் நான்காவது மாடி. லாரிக்காரன் நாற்காலியைக் கீழேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். தனுஜா அதைப் படிக்கட்டுக் கம்பியில் சங்கிலி போட்டுப் பூட்டினாள்.

மறுநாளே ஜெயலெட்சுமி படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, அந்த நாற்காலியிலேயே சங்கத்துக்குப் போனாள். அங்கே விண்ணப்பங்களைப் பார்ப்பவன் கோகிலன்.

"அக்கா, கால் குடுக்கிறது வேலைக்குத் திரும்பிப் போறவங்களுக்குத்தான். ரூல்ஸ் அப்படிலா. உங்க ஃபாரத்துல வேலை இல்லைன்னு போட்டிருக்கு, அதான் நாற்காலி."

"கால் இல்லாம எவன் தம்பி வேலை குடுப்பான்?"

"மூணு மாசச் சம்பளச் சீட்டு கொண்டாங்க. நான் மேல அனுப்புறேன்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவன் கம்ப்யூட்டரில் அடுத்த விண்ணப்பத்தைத் திறந்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த நூர்ஜானிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"மூணு சீட்டுதானே? நான் எழுதித் தர்றேன்க்கா. நீங்க வீட்ல இருங்க," என்றாள் நூர்ஜான்.

"பொய்ச் சீட்டு வேணாம். நாளைக்கு என்னைப் பொய்க்காரின்னு சொல்றதுக்கு அவனுங்களுக்கு ஒரு வழி கெடச்சிரும். வேலை குடு."

வெங்காயம் உரிக்கும் வேலை. விடிந்ததும் உட்கார்ந்தபடி நான்கு மாடி இறங்குவாள். மத்தியானம் அதே மாதிரி ஏறுவாள். உள்ளங்கை காய்த்துப்போனது. ஒரு மழைநாளில் வழுக்கி, வெட்டிய காலின் நுனி படி விளிம்பில் இடித்து ரத்தம் வந்தது. "இந்தக் காலோட எதுக்கு வேலைக்குப் போறீங்க?" என்று டாக்டர் திட்டினார். "கால் வாங்கத்தான்," என்றாள்.

மூன்று சீட்டுகளும் சேர்ந்தன. சங்கம் ஏழாயிரம் கொடுத்தது. மீதியைத் தனுஜா தவணையில் கட்டினாள். காலைப் பொருத்தி நடக்கப் பழகி முடித்த பிறகு, சங்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். கோகிலன் கைப்பேசியோடு நின்றான்.

"அக்கா, கொஞ்சம் சிரிங்க. தன்னம்பிக்கைப் பெண்மணின்னு பேஸ்புக்ல போடணும்."

"வெங்காயம் உரிச்சேனே மூணு மாசம், அப்ப வந்து எடுத்திருக்கணும் படம்."

"அக்கா, கோவிச்சுக்காதீங்க..."

"எங்க பிளாக்குல சின்னையான்னு ஒருத்தர் இருக்காரு. வயசு எழுபத்தொண்ணு. அவருக்கும் கால் இல்ல. அவரும் சம்பளச் சீட்டு கொண்டாரணுமா?"

கோகிலன் கைப்பேசியை இறக்கினான். "ரூல்ஸ நான் எழுதலக்கா."

"எழுதினவன் யாருன்னு சொல்லு."

அவன் சங்கத் தலைவரின் முகவரியைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தான். படம் எடுக்க விடாமலே அவள் வெளியேறினாள்.

அன்று மாலை அவள் சொல்லச் சொல்ல, தனுஜா மலாயில் கடிதம் எழுதினாள். வேலை இல்லாதவர்களுக்கும் நடக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அதன் முதல் வரி. ஒரு மாதமாகியும் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தை அவள் தபாலில் போடவில்லை. சின்னையாவின் விண்ணப்பத்தையும் அதோடு சேர்த்து, பஸ் ஏறிப் போய்க் கோகிலனின் மேசையில் வைத்தாள். பெற்றுக்கொண்டதாக அவன் கையெழுத்துப் போட்டுத் தரும்வரை நாற்காலியில் உட்கார மறுத்து, அங்கேயே நின்றாள்.